மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

அண்மையில் வேலணைக்குச் சென்றிருந்தபோது, கராஜ் ஒன்றில் பழைய ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் கார் ஒன்றைக் கண்டேன். 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்ட வகை அது. உப்புக்காற்றில் அடித்தகடு கறள் பிடித்திருந்தது. மெக்கானிக் எனக்குக் காட்டியதோ, கழற்றிய இயந்திரத்தின் தேய்ந்த சிலிண்டர்களை.

"இது மண்ணெண்ணெய் செய்த வேலை, ஐயா" என்றார்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அவ்வாண்டில் தீவக மக்கள் பெருந்தொகையாகக் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். இந்தக் காரும் உடன் சென்றதாம். சிறிதளவு பெற்றோலில் இயந்திரத்தை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்க விகிதம் ஏறத்தாழ 7:1 மட்டுமே என்பதால் பழைய இயந்திரங்கள் அதனைத் தாங்கின. ஆயினும், எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரின் ஒயில் படலத்தைக் கழுவியது; கீழிறங்கி ஒயிலையும் நீர்க்கச் செய்தது. நோயாளரை ஏற்றிச் சென்ற ஒவ்வோர் ஓட்டமும் உலோகத்தைச் சிறிது தின்றது.

சிலிண்டரைக் கடைந்து புதிய பிஸ்ரன் பொருத்தப்போவதாக அவர் கூறினார். கார் ஓடத்தான் வேண்டும். அதற்கு முன்பு, தேய்மானத்தை அளந்து குறித்து வைக்குமாறு கேட்டுக்கொண்டேன். அந்தப் பொருளாதாரத் தடைக்கு இதுவும் ஓர் ஆவணமல்லவா?