நிலக்கரி வண்டி கேளிக்கை வண்டியான கதை



கெடா மாநிலத்தின் தென்பகுதியில், கூலிம் நகருக்கு அருகே, 'பூங்கா' என்று பெயர் பெற்ற ஓர் இடம் இருக்கிறது. விவரம் அறியாத ஒருவர் அந்தப் பெயரை நம்பி, ராட்டினம் காட்டுகிறேன் என்று பிள்ளைகளை அழைத்துச் சென்றால் ஏமாந்துதான் திரும்புவார். அங்கே வரிசை வரிசையாக நிற்பவை தொழிற்சாலைகள். 1996ஆம் ஆண்டில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பூங்கா, மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பத் தொழிற்பேட்டையாகும். பால் வாளிகளைக் காண்டாவில் சுமந்து நடந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் பலர், இன்று உடல் முழுவதும் மூடிய வெள்ளை ஆடையணிந்து அங்கே முறைவேலை பார்க்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடத்தை முன்னிறுத்திக்கொண்டு, ரோலர் கோஸ்டர் என்னும் கேளிக்கை வண்டியின் வரலாற்றைப் பேச வந்திருக்கிறோமே, இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். தொடர்பு நெருக்கமானது. கேளிக்கைப் பூங்காவில் நாம் அலறிக்கொண்டே ஏறி இறங்கும் அந்த வண்டி, விளையாட்டுக்காகப் பிறந்ததன்று. அது சுரங்கத்தில் பிறந்தது. அதற்கு உருக்கொடுத்தவர் ஓர் ஆலைக்காரர். அதை வாழவைத்தவர்கள் வாரம் முழுவதும் உழைத்து, ஒரு நாள் விடுப்பில் கடற்கரைக்கு வந்த தொழிலாளர்கள். தொழில் வரலாற்று நூல்கள் நீராவி இயந்திரத்தையும் நெசவு ஆலையையும் பக்கம் பக்கமாக விவரிக்கின்றன. அந்த ஆலையில் நின்று உழைத்தவர் ஓய்வு நாளில் என்ன செய்தார் என்பதை மட்டும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. இது பெருங்குறை என்பது நம் கருத்து.

இந்தக் கேளிக்கையின் மூதாதையாக எல்லாரும் சொல்வது ருசியாவின் பனிச்சறுக்கு மேடைகளை. மரத்தால் உயரமான சாரம் கட்டி, அதன்மேல் தண்ணீர் ஊற்றி உறையவைத்துச் சறுக்கினார்கள். குளிர்காலத்தில் மட்டுமே இது இயலும். 1817ஆம் ஆண்டு பாரிசு நகரத்தில் இதையே சக்கர வண்டிகளாக்கி, தடத்தில் ஓடவிட்டார்கள். பிரெஞ்சு, இசுபானியம் முதலிய மொழிகளில் இன்றும் இவ்வகை வண்டிக்கு 'ருசிய மலைகள்' என்றே பெயர். ருசியர்களோ இதை 'அமெரிக்கக் குன்றுகள்' என்கிறார்கள்! பெருமையை ஏற்க இரு தரப்பும் தயங்குவதுபோல் தோன்றுகிறது அல்லவா? உண்மையில் இரண்டு பெயர்களும் பொருந்தும். ஆனால் நம் மனத்தைக் கவர்வது அமெரிக்கக் கதைதான்.

பென்சில்வேனியா மாநிலத்தில் மாக் சங்க் என்றோர் ஊர் இருந்தது. அதற்கு மேலே மலையுச்சியில் நிலக்கரி வெட்டினார்கள். கரியைக் கீழேயுள்ள கால்வாய்த் துறைக்குக் கொண்டுவர 1827ஆம் ஆண்டு ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளத்திற்குத் தடம் போட்டார்கள். இறக்கத்தில் வண்டியை இழுக்க எந்த இயந்திரமும் இல்லை. தடத்தைச் சீரான சரிவில் அமைத்து, வண்டியை அவிழ்த்துவிட்டார்கள். புவியீர்ப்பே அதைக் கீழே கொண்டுவந்து சேர்த்தது. அரை மணி நேரத்தில் கரி துறைக்கு வந்துவிடும். ஆனால் காலி வண்டிகள் மறுபடி மேலே போகவேண்டுமே! அதற்குக் கோவேறு கழுதைகள். அந்தக் கழுதைகளையும் வண்டியிலேயே ஏற்றி, கரியோடு கரியாகக் கீழே இறக்கினார்கள். ஒருமுறை வண்டியில் இறங்கிப் பழகிவிட்ட கழுதைகள், அதன்பின் மலையிலிருந்து நடந்து இறங்க அடியோடு மறுத்துவிட்டன என்று சொல்வார்கள். ரோலர் கோஸ்டரின் முதல் ரசிகர்கள் அவைதாம் என்று எங்களைப் போன்ற ஆர்வலர்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

கழுதைக்குப் பிடித்தது மனிதருக்குப் பிடிக்காமல் போகுமா? வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தாங்களும் ஏறவேண்டும் என்றார்கள். 1840களில் திரும்பும் வழிக்கென்று தனித்தடம் அமைத்து, நீராவி இயந்திரத்தால் வண்டிகளை மலையேற்றினார்கள். 1872இல் கரியைக் கொண்டுபோக வேறு வழியாகச் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதும், பழைய தடத்திற்கு வேலை இல்லாமல் போயிற்று. வழக்கமாக அத்தகைய தடத்தைப் பெயர்த்து இரும்பாக விற்றுவிடுவார்கள். இங்கோ அது முழுநேரக் கேளிக்கைப் பாதையாக மாறி, 1930களின் தொடக்கம் வரை பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது.

இந்தப் பாதையைப் பற்றி அறிந்தவர்களுள் ஒருவர் லமார்க்கசு தாம்ப்சன். தையல் மூட்டில்லாத காலுறைகள் செய்யும் ஆலை நடத்தியவர். உடல்நலம் குன்றி அந்தத் தொழிலை விட்டவர், 1884ஆம் ஆண்டு நியூயார்க்கின் கோனி ஐலண்டு கடற்கரையில் மரத்தாலான ஒரு தடத்தைக் கட்டினார். கட்டணம் 5 சென்ட். வேகம் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். மிதிவண்டியில் போகும் சிறுவன் அதை முந்திவிடுவான். பயணிகள் முன்னோக்கி உட்காராமல் பெஞ்சில் பக்கவாட்டில் உட்கார்ந்தார்கள். மறுமுனை வந்ததும் எல்லாரும் இறங்கிக்கொள்ள, ஆட்கள் வண்டியை அடுத்த மேட்டுக்குத் தள்ளி ஏற்றுவார்கள். இவ்வளவு எளிய பொருளுக்குக் கூட்டம் அலைமோதியது. சில வாரங்களிலேயே போட்ட முதல் கைக்கு வந்துவிட்டதாம்.

அந்த 5 சென்ட் என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். பெருஞ்செல்வர்களுக்கு விருந்து மண்டபமும் குதிரைப் பந்தயமும் இருந்தன. தாம்ப்சனின் வண்டியில் ஏறியவர்கள் தையற்கூடப் பெண்கள், கப்பல்துறை ஆட்கள், புதிதாகக் குடியேறிவந்த குடும்பங்கள். 1920இல் சுரங்க ரயிலும் அதே 5 சென்ட் கட்டணத்தில் கோனி ஐலண்டுவரை வந்துசேர்ந்தபோது அந்தக் கடற்கரை கொள்ளாத கூட்டம் திரண்டது. 1927இல் அங்கே திறக்கப்பட்ட 'சைக்ளோன்' என்னும் மரத்தடம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி, இவ்வண்டி எப்படி ஓடுகிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். முதல் மேட்டிற்கு வண்டியைச் சங்கிலி இழுத்துச் செல்கிறது. அப்போது 'டக்... டக்... டக்' என்று ஓர் ஓசை கேட்கும். சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி ஓடிவிடாதபடி, பல்வரிசையில் விழுந்து விழுந்து பிடித்துக்கொள்ளும் இரும்புக் கொக்கியின் ஓசை அது. அஞ்சுகிறவர்களுக்கு அச்சத்தைக் கூட்டும் அந்த ஓசைதான் அவர்களைக் காக்கும் ஓசை. உச்சியைத் தாண்டியதும் சங்கிலி விட்டுவிடும். அதன்பின் வழிநெடுகத் தள்ளுவார் யாருமில்லை. ஏறிய உயரமே வேகமாக மாறுகிறது. 20 மீட்டர் உயரமுள்ள தென்னை மரத்தின் உச்சியிலிருந்து இறங்குவதாகக் கொண்டால், உராய்வைக் கணக்கிடாவிட்டால், அடியில் வேகம் மணிக்கு 71 கிலோமீட்டர் இருக்கும். உராய்வும் காற்றும் சிறிது சிறிதாக அதை உறிஞ்சிவிடுவதால், அடுத்தடுத்த மேடுகள் பொதுவாக முதல் மேட்டைவிடத் தாழ்ந்தே அமைகின்றன.

மேட்டின் முகட்டை வேகமாகக் கடக்கும்போது நாம் இருக்கையிலிருந்து எழும்புகிறோம். வண்டியும் அவ்வாறே எழும்ப முயலும். அதைத் தடுத்தவர் ஜான் மில்லர் என்னும் பொறியாளர். 1919ஆம் ஆண்டு அவர் பெற்ற காப்புரிமையின்படி, தண்டவாளத்தின் மேலே ஓடும் சக்கரத்தோடு அடியிலும் ஒரு சக்கரம் வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. பக்கச் சக்கரமும் சேர்ந்தால் தடத்தை மூன்று பக்கமும் கவ்வியாயிற்று. 1920களில் செங்குத்தான மேடுகள் தோன்றியதற்கு இந்தச் சிறு சக்கரமே காரணம். ஒரே தடத்தில் பல வண்டிகள் ஓடும்போது ஒன்றோடொன்று மோதாமலிருக்கத் தடத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டிக்குமேல் அனுமதிப்பதில்லை. இது ரயில்வேயின் பழைய விதி.

தலைகீழாகச் சுழலும் வளையத்தின் கதை வேறு. 1895இல் கோனி ஐலண்டில் முழுவட்டமாக ஒரு வளையம் கட்டினார்கள். பயணிகளின் கழுத்து நொந்தது. காரணம் கணக்கில் இருக்கிறது. முழுவட்டத்தின் உச்சியில் விழாமல் செல்லப் போதுமான வேகம் இருந்தால், வட்டத்திற்குள் நுழையும் அந்த நொடியில் நம் எடை 6 மடங்காகிவிடுகிறது. 60 கிலோ எடையுள்ளவர்மேல் 360 கிலோ அழுத்தம் திடீரென விழுந்தால் கழுத்து என்னாகும்? 1901இல் நீள்வட்டமாகக் கட்டிப் பார்த்தார்கள். வலி குறைந்தது, ஆனால் ஒரு வண்டியில் நான்கு பேரே ஏறமுடிந்ததால் வரும்படி போதவில்லை. பிறகு முக்கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. செருமானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் கணக்கிட்டுத் தந்த வளையம் 1976இல் கலிபோர்னியாவில் ஓடத் தொடங்கியது. அடியில் அகன்று, மேலே குறுகிய, கண்ணீர்த்துளி போன்ற வடிவம் அது. வளைவு மெல்ல மெல்லக் கூடுவதால் எடையும் மெல்லக் கூடுகிறது. ரயில் தடத்தையும் நெடுஞ்சாலையையும் வளைவில் திருப்பப் பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட கோடுதான் இது. கேளிக்கை மறுபடியும் வேலையிடத்திலிருந்தே பாடம் கற்றது.

நம் பக்கத்துக்கு வருவோம். திருவிழாக் கடைத்தெருவில் நால்வரையோ எண்மரையோ மரப்பெட்டியில் ஏற்றி, ஆட்களே கையால் சுற்றும் ராட்டினத்தைத் தமிழர் நன்கறிவர். 1893இல் சிகாகோ கண்காட்சியில் பெரிசு என்பவர் 264 அடி உயரத்தில் நிறுவிய சக்கரம் உலகப்புகழ் பெற்றது உண்மை. எனினும் கையால் சுற்றும் ராட்டினங்களை 17ஆம் நூற்றாண்டிலேயே கிழக்கு நாடுகளில் கண்டதாக ஐரோப்பியப் பயணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

மலாயாவில் மாக் சங்கிற்கு ஓரளவு உறவு என்று சொல்லத்தக்கது பினாங்குக் கொடிமலை ரயில். அது கேளிக்கை வண்டியன்று. கம்பிவடத்தால் இழுக்கப்படும் மலை ரயில். அதற்குமுன் துரைமார்களை டோலியில் உட்காரவைத்து, ஆட்கள் தோளில் சுமந்து மலையேறினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய முதல் தடம் பழுதால் பயன்படாமல் போயிற்று. இரண்டாம் முயற்சியில் 1923ஆம் ஆண்டு ரயில் ஓடியது. ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் ஒரே வடத்தின் இருமுனைகளில், கிணற்றின் இரு வாளிகளைப்போல, ஒன்றையொன்று சமன்செய்கின்றன. சுமப்பவரின் தோளுக்குப் பதிலாக இறங்கும் வண்டியின் எடையே வேலை செய்தது. அதே 1923இல் சிங்கப்பூரில் 'நியூ வேர்ல்டு' என்னும் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. ராட்டினம், நாடகம், குத்துச்சண்டை, நடன அரங்கு எல்லாம் ஒரே வேலிக்குள் அமைந்த இத்தகைய இடங்கள் பின்னர் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் தோன்றின.

பின்னாளில் வந்த பெரும் பூங்காக்களில் ஒன்றை மட்டும் குறிப்பிடுவோம். 1993இல் திறக்கப்பட்ட சன்வே லகூன் எங்கே எழுந்தது தெரியுமா? ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளத்தில். கரிச்சுரங்கத்திற்கு நேர்ந்ததே இங்கு ஈயச் சுரங்கத்திற்கும் நேர்ந்தது. கூலிம் நகரமும் ஈயம் தேடி வந்தவர்களால் வளர்ந்த ஊர்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

கூலிம் பூங்கா திறக்கப்பட்ட அதே 1996இல் அமெரிக்காவில் ஒரு புதுமை நிகழ்ந்தது. சங்கிலியும் முதல் மேடும் இல்லாமல், காந்த விசையால் வண்டியை ஏவினார்கள். சுழலும் மோட்டாரை ஓரிடத்தில் வெட்டி, நீளமாக விரித்துத் தடத்தில் படுக்கவைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் சுருள்களில் மின்சாரம் அடுத்தடுத்துப் பாயும்போது காந்தப்புலம் முன்னோக்கி ஓடுகிறது. அது வண்டியையும் உடன் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அவ்வளவு பெரிய மின்னோட்டத்தை நொடிக்குப் பலமுறை திறந்து மூடுவது மின்திறன் சில்லுகளின் வேலை. அத்தகைய சில்லுகள் செய்வதற்கே இன்பினியன் நிறுவனம் 2006இல் கூலிமில் ஓர் ஆலையைத் திறந்தது. 2024 ஆகஸ்டில் சிலிக்கன் கார்பைடு சில்லுகளுக்கென்று மேலும் ஒரு பகுதியைத் தொடங்கியது. மின்சாரக் கார்களுக்கும் சூரிய மின்நிலையங்களுக்கும் பயன்படும் இச்சில்லுகளின் குடும்பமே ஏவுவண்டிகளையும் இயக்குகிறது. கூலிமில் இரவு முறை பார்க்கும் ஒரு பெண்ணின் கைவேலைக்கும் கேளிக்கைப் பூங்காவின் அலறலுக்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

ஆனால் அந்தப் பெண் தன் குடும்பத்தோடு அவ்வண்டியில் ஏற, 5 சென்ட் போதாது. நான்கு பேருக்கு நுழைவுச்சீட்டு வாங்கும்போது சம்பளத்தில் எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்க்கவேண்டியிருக்கிறது. உழைப்பாளர்களின் காசால் வளர்ந்த கேளிக்கை, அவர்கள் எண்ணிப் பார்த்து ஏறும் கேளிக்கையாகிவிட்டது நமக்கு உவப்பானதன்று.

கூலிமிலிருந்து பாலம் கடந்து போகத்தக்க தொலைவில், பினாங்கின் தெலுக் பகாங்கில் 2012இல் 'எஸ்கேப்' என்னும் பூங்கா திறக்கப்பட்டது. மரமேறுதல், கயிற்றில் தொங்கிச் செல்லுதல் என்று வருவோரின் சொந்த உடலுழைப்பையே பெரிதும் நம்பிய பூங்கா அது. 2019இல் அங்கே அமைந்த குழாய் நீர்ச்சறுக்கு 1,111 மீட்டர் நீளமுடையது; அதுவரை முதலிடத்திலிருந்த செருமானியச் சறுக்கோ 356 மீட்டர்தான். ஏவுமோட்டார் இல்லை, காந்தம் இல்லை. காட்டுமலைச் சரிவில், மிதவையில் உட்கார்ந்தவரைத் தண்ணீரும் புவியீர்ப்புமே கீழே கொண்டுவந்து சேர்க்கின்றன, மாக் சங்கின் கரி வண்டியைப் போலவே.