ஆங்கிலச் செயப்பாட்டுவினையும் காலங்களும்

ஆங்கிலத்தில் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்கும்போது செயப்படுபொருள் எழுவாயாகும். முதன்மை வினை மூன்றாம் வடிவத்திலேயே நின்றுவிடும். காலத்தைக் காட்டுவது துணைவினைதான்: ‘இஸ் ரிட்டன்’, ‘வாஸ் ரிட்டன்’, ‘ஹேஸ் பீன் ரிட்டன்’, ‘வில் பி ரிட்டன்’. பயிற்சியில் மாணவர்கள் அதிகம் சறுக்குவது தொடர்காலத்தில். ‘இஸ் பீயிங் ரிட்டன்’ என்பதில் ‘பீயிங்’ விடுபட்டால் காலமே மாறிவிடும். இவ்வடிவம் ஆங்கிலத்துக்கே புதிது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பரவத் தொடங்கியது. அதற்குமுன் ‘தி ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றாலே வீடு கட்டப்படுகிறது என்று பொருள். 19ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர் சிலர் புதுவடிவத்தைக் கடுமையாகச் சாடினர். முற்றுத்தொடர் காலங்களிலும் எதிர்காலத் தொடரிலும் ‘பீன் பீயிங்’, ‘பி பீயிங்’ என்று நாக்குச் சுளுக்குவதால், 12 காலங்களில் 8-க்கே பாடநூல்கள் பொதுவாகப் பயிற்சி தருகின்றன. ‘ஸ்லீப்’ போன்ற செயப்படுபொருள் குன்றிய வினைகளுக்குச் செயப்பாட்டுவினை மாற்றம் இல்லை.