ஏழு தந்தி, நாலு தந்தி, கொஞ்சம் மைசூர்

மகளின் பள்ளிக்கூடத்தில் ஜாஸ் பேண்ட் ஆரம்பித்திருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் கிடார், டிரம்ஸ், சாக்ஸபோன் என்று ஓட, நம்ம வீட்டு அம்மணி மட்டும் "எனக்கு பேஸ் கிடார்" என்று வந்து நின்றாள். தங்கமணி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கு "எல்லாம் உங்க ரத்தம்" என்று அர்த்தம்.

புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் பொட்டி தட்டி வயிறு வளர்ப்பவன். ஆனால் 2003லிருந்து 2007 வரை மைசூரில் இருந்தபோது (2014 நவம்பரில்தான் அது அதிகாரபூர்வமாக மைசூரு ஆனது, எனக்கு இன்னும் வாயில் வரவில்லை) சனி ஞாயிறுகளில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் வாசித்தேன். சுமாராகத்தான் வாசிப்பேன். இருந்தாலும் வாசித்தேன்.

போன சனிக்கிழமை நியூஜெர்சியில் ஒருவர் வீட்டு கராஜில் பழைய பேஸ் ஒன்றைப் பார்க்கப் போனோம். மெக்சிகோவில் செய்த நாலு தந்தி வாத்தியம். விற்கிற பெரியவர் அதைத் துணியால் துடைத்துக்கொண்டே, "விரல் பலகை இந்தியன் ரோஸ்வுட்" என்றார், என் மூஞ்சியைப் பார்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். மகள் என் காதோரம் வந்து, "அப்பா, இந்தியான்னா எந்த ஊரு?" என்றாள்.

அவ்வளவுதான், எனக்குக் கொசுவத்தி சுற்ற ஆரம்பித்துவிட்டது.

விநாயகர் சதுர்த்தி வந்தால் மைசூரில் தெருவுக்கு ஒரு பந்தல், பந்தலுக்கு ஒரு ஆர்கெஸ்ட்ரா. ராஜ்குமார் பாட்டு இல்லாமல் மேடையை விட்டு இறங்க முடியாது. அதற்கடுத்து கூட்டம் கேட்பது 'கீதா' (1981), 'பல்லவி அனுபல்லவி' (1983). இரண்டுக்கும் இசை நம்ம இளையராஜா. சங்கர் நாக் ஆடிய பாட்டுக்கு மைசூர்க்காரர்கள் போடும் விசிலைக் கேட்டால், ராஜா எந்த ஊர்க்காரர் என்ற சந்தேகமே நமக்கு வந்துவிடும். அந்தப் பாட்டுகளில் பேஸ் சும்மா "டும் டும்" என்று தாளத்துக்குத் துணை போவதில்லை. பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டாக ஓடும். ராஜாவிடம் சசிதரன், பிறகு ரகுமானிடம் கீத் பீட்டர்ஸ் என்று நம் காதில் பேஸை ஏற்றியவர்கள் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. பேஸ்காரன் ராசி அது.

நான் பிராக்டிஸ் செய்து, விரல் தேய்ந்து, மேடை ஏறினால் ஒரு பயலுக்கும் கேட்காது. முதல் இரண்டு கச்சேரிக்கு என் கை சரியில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் புரிந்தது, பந்தலில் கட்டியிருப்பது குழாய் ஸ்பீக்கர். பேச்சு தூரம் போவதற்காகச் செய்த சாமான். சுமார் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது வாயே திறக்காது. பேஸ் கிடாரின் நாலு தந்திகளையும் விரல் வைக்காமல் மீட்டினால் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். நாலும் அந்தக் குழாய்க்குள் நுழையவே முடியாது. "நீங்க சும்மா ஸ்டைலா நின்னாலே போதும் சார்" என்பார் எங்கள் கீபோர்டுக்காரர்.

இந்தப் புலம்பலை ஒருநாள் வீட்டு ஓனரிடம் சொன்னேன். எழுபதைத் தாண்டியவர், கச்சேரிப் பைத்தியம். சிரித்துவிட்டு, "சௌடய்யாவுக்கும் இதே கஷ்டம்தானேப்பா" என்றார்.

மைசூர் சௌடய்யா பெயரை நம் தாத்தா பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1895ல் திருமகூடலு நரசிபுராவில் பிறந்தவர். காவிரியும் கபினியும் கூடுகிற ஊர், மைசூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் மைசூரில் குருகுலவாசம். பிறகு அரண்மனை வித்வான். அரியக்குடி, செம்பை என்று பெரியவர்கள் பலருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பக்கவாத்தியம் வாசித்தவர். 1957ல் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி கொடுத்தது. 1967ல் காலமானார்.

அவர் இளைஞராக மேடை ஏறிய காலத்தில் மைக் கிடையாது. பாடகருக்கு எட்டுக்கட்டைத் தொண்டை. பக்கத்தில் மிருதங்கம், சில நேரம் கஞ்சிரா, கடம். நாலு தந்தி வயலின் முதல் நான்கு வரிசையைத் தாண்டாது. கச்சேரிகளோ அரண்மனைக் கூடத்தை விட்டு, டிக்கெட் வாங்கி வரும் கூட்டத்துக்கும் கோயில் பந்தலுக்கும் நகர்ந்துகொண்டிருந்தன. அவர் என்ன செய்தார்? 1920களின் பிற்பகுதியில் வயலினில் மூன்று தந்தி கூட்டினார். ஏழு தந்தி வயலின்! தந்திகளை ஜோடி சேர்த்து வைத்தால், ஒரு ஸ்வரத்தை இரண்டு தந்தி சேர்ந்து சொல்லும். நாதம் தடிமனாகும், தூரமும் போகும். பன்னிரண்டு தந்தி கிடார் கேட்டிருந்தால் இந்த வித்தை புரியும்.

இதில் எவ்வளவு ரிஸ்க் என்று வாத்தியம் தொட்டவர்களுக்குத்தான் தெரியும். ஏழு தந்திக்குச் சுருதி சேர்க்க வேண்டும், ஜோடித் தந்திகள் ஒரு மயிரிழை பிசகினால் அபஸ்வரம். ஒரே வில்லில் இரண்டு தந்தி சமமாகப் பேச வேண்டும், ஒரே விரல் இரண்டையும் ஒரே அழுத்தத்தில் அமுக்க வேண்டும், அதுவும் கமகத்தோடு. இத்தனையையும் பக்கவாத்தியக்காரர் ஏற்றுக்கொண்டார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். முன்னால் உட்கார்ந்து பாடுகிறவருக்குச் சத்தம் வேண்டும் என்றால் நியாயம். பக்கத்தில் உட்கார்கிறவர் எனக்கும் கேட்க வேண்டும் என்று வாத்தியத்தையே மாற்றியிருக்கிறார்!

பெங்களூர் மல்லேஸ்வரம் பக்கம் போனால் சௌடய்யா மெமோரியல் ஹால் இருக்கிறது. 1980ல் கட்டியது. கட்டிடமே வயலின் வடிவம், தந்திகளை எண்ணிப் பாருங்கள். மைக் ஊரெல்லாம் வந்தபின் ஏழு தந்திக்கு அவசியம் குறைந்துபோனது. இன்று பக்கவாத்தியம் என்றால் நாலு தந்திதான்.

சௌடய்யா மூன்று தந்தி கூட்டிக்கொண்டிருந்த காலத்தில் அமெரிக்காவில் டான்ஸ் பேண்டுகளில் டபுள் பேஸ்காரர்கள் இதே கவலையில்தான் இருந்தார்கள். ஆள் உயர வாத்தியம், டிரம்ஸும் பித்தளைக் குழல்களும் சேர்ந்தால் சத்தம் காணாமல் போய்விடும். 1930களின் நடுவில் சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் கிடார் போல மாட்டிக்கொண்டு வாசிக்கும் மின்சார பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். யாரும் சீந்தவில்லை. 1951ல் லியோ ஃபெண்டர் அதே யோசனையைக் கையில் எடுத்தார். கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், கிடார் வாசிக்கத் தெரியாது (நம்புங்கள்!). அவர் செய்ததுதான் பிரிசிஷன் பேஸ். நம் வீணைக்கு மெட்டு இருப்பது போல இதற்கு உலோக மெட்டு உண்டு. விரலை எங்கே வைத்தாலும் சுருதி துல்லியமாக நிற்கும், அதனால் அந்தப் பெயர்.

ஆனால் வாத்தியம் மட்டும் இருந்தால் ஆயிற்றா? உள்ளே குடமே இல்லாத கட்டை அது. ஆம்ப் இல்லாமல் வாசித்தால் நமக்கே கேட்காது. அதனால் 1952ல் ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கரோடு பேஸ்மேன் ஆம்ப் வந்தது. ஆம்பெக் கம்பெனியின் கதை இன்னும் தமாஷ். டபுள் பேஸின் அடியில் தரையில் ஊன்றும் ஆணிக்குள்ளேயே மைக் வைத்தவர்கள் அவர்கள். ஆம்ப், பெக் என்ற இரண்டு வார்த்தையும் ஒட்டித்தான் கம்பெனி பெயரே. 1969ல் 300 வாட்ஸ் எஸ்விடி கொண்டுவந்தார்கள், எட்டு ஸ்பீக்கர் பெட்டியோடு. ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த வருட சுற்றுப்பயணத்துக்கு அதைத்தான் எடுத்துப் போனார்கள். தலைப்பகுதி மட்டும் முப்பத்தைந்து கிலோவுக்கு மேல். தூக்குவதற்குத் தனி ஆள் வேண்டும்.

நம் மைசூர் ஆர்கெஸ்ட்ராவில் அந்தத் தனி ஆளும் நான்தான்.

குழாய் ஸ்பீக்கர் ரகசியம் தெரிந்தபின் ஒரு பழைய ஆம்ப் தேடினேன். கிடாருக்குச் செய்த 15 வாட்ஸ் ஆம்ப் ஒன்றை வாங்கி முதல் கச்சேரியிலேயே ஸ்பீக்கரைக் கிழித்தேன். பாடம்: தாழ்ந்த சுரத்துக்குக் காற்றை அதிகம் தள்ள வேண்டும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய, சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். டிரம்ஸ் இருக்கும் மேடைக்கு 100 வாட்ஸுக்குக் குறைந்து போகாதீர்கள், வெட்டவெளி என்றால் 300. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த டி வகுப்பு ஆம்ப்கள் இந்தச் சக்தியை இரண்டு மூன்று கிலோவில் தந்துவிடுகின்றன, முதுகு பிழைத்தது. கையில் நூறு ரூபாய் இருந்தால் அறுபதை ஆம்புக்குப் போடுங்கள் என்பது என் கட்சி. மலிவான பேஸ் நல்ல ஆம்பில் பிழைத்துக்கொள்ளும். நல்ல பேஸ் மட்ட ஆம்பில் பிழைக்காது.

2007ல் அமெரிக்கா கிளம்பும்போது என் பேஸை விற்க வேண்டியிருந்தது. ஒன்பதாயிரத்துக்கு வாங்கியதை, பந்தலில் மைக் ஸ்டாண்ட் பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பி ஐயாயிரத்துக்குக் கேட்டான். மூன்று தவணை. "அண்ணா, வாத்யம் சரி, ஆம்ப்?" என்றான். அங்கே போய் ஒன்று வாங்கி வருகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன்.

வாக்கைக் காப்பாற்ற நாலு வருஷம் ஆனது. 2011 லீவில் 100 வாட்ஸ் பழைய ஆம்ப் ஒன்றைத் துணிக்கு நடுவே சுருட்டி, எடைக் கூலி கட்டி, மைசூர் வரை கொண்டு போனேன். தம்பி, அவன் அம்மா, அக்கா பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நிற்க, நான் பெருமையாக பிளக்கை மாட்டி சுவிட்சைப் போட்டேன். "டப்" என்று ஒரு சத்தம், ஒரு புகை, கருகின வாசனை. அமெரிக்க ஆம்ப், 120 வோல்ட். நம்ம ஊர் லைன் 230. இன்ஜினியரிங் படித்தவன், சம்பளம் வாங்குகிறவன், மாட்டுவதற்கு முன் ஆம்பின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை. அந்தப் பையன் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ஊருக்கு எடுத்துப் போகிறவர்கள் தயவுசெய்து அந்தச் சின்ன எழுத்தைப் பாருங்கள். இரண்டு வோல்டேஜுக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் இறக்கு டிரான்ஸ்பார்மர் போடுங்கள்.

ஒரு மாசம் கழித்து போன். மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடையில் கொடுத்து, டிரான்ஸ்பார்மரை 230க்கு மாற்றிச் சுற்றி, எரிந்த பாகங்களை மாற்றி ஓட வைத்துவிட்டானாம். போனை ஸ்பீக்கர் பக்கம் வைத்து வாசித்தும் காட்டினான். போனில் பேஸ் எங்கே கேட்கும்? "சூப்பர்டா" என்றேன்.

சரி, மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

ரோஸ்வுட் என்றால் நம்ம ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம். கன்னடத்தில் பீட்டே. மைசூர் அரண்மனையில் தந்தம் பதித்த கதவுகளைப் பார்த்திருப்பீர்கள், அவை ஈட்டிதான். மைசூர் ஈட்டிப் பதிப்பு வேலைக்கு புவிசார் குறியீடும் உண்டு. கிடார் உலகத்தில் முதலில் பிரேசில் ரோஸ்வுட்டுக்குத்தான் மவுசு. 1960களின் கடைசியில் அங்கிருந்து மரக்கட்டை வருவது நின்றுபோக, மார்ட்டின் கம்பெனி 1969ல் இந்திய ஈட்டிக்கு மாறியது. மற்றவர்களும் அந்த வழிதான். மேற்குத் தொடர்ச்சி மலையில், கேரளம், கர்நாடகம், நம்ம நீலகிரிப் பக்கம் வளர்ந்த மரம் இப்படித்தான் ராக் அண்ட் ரோல்காரர்களின் விரலுக்கு அடியில் போனது.

அழிந்துவிடுமோ என்ற பயத்தில் 2017 ஜனவரி முதல் எல்லா ரோஸ்வுட் இனங்களையும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். பழைய பேஸை வேறு நாட்டுக்காரருக்கு விற்கவும் பெர்மிட் என்று ஆனது. ஃபெண்டரே மெக்சிகோ மாடல்களில் பாவ் ஃபெரோ என்ற வேறு மரத்துக்குப் போனார்கள். கிடார் செய்கிறவர்கள் கத்திக் கூப்பாடு போட்டு, 2019 நவம்பர் கடைசியில்தான் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது. நம் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அது கிடையாது, அது 1992லிருந்தே முதல் பட்டியலில். அதனால் 60களின் பேஸ் யாராவது மலிவாகக் கொடுத்தால், ஊருக்கு எடுத்துப் போகுமுன் மரம் எது என்று கேளுங்கள்.

கராஜில் நான் வழக்கப்படி கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு பார்த்தேன். ஒவ்வொரு மெட்டிலும் ஒவ்வொரு சுரம் வாசித்தேன், எங்கேயும் கொரகொரப்பு இல்லை. குமிழைத் திருகினால் கொஞ்சம் கரகரப்பு, அது துடைத்தால் போகும். பெரியவர் சொன்ன விலையில் நாற்பது டாலர் குறைத்தார். எந்த ஊர் மரம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மகளிடம், "மைசூர்ப் பக்கமா இருக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

ஆம்ப் 100 வாட்ஸ், புதுசு. பின்பக்கத்தை இந்தத் தடவை இரண்டு முறை படித்தேன். நேற்று சாயங்காலம் அவள் அடித் தந்தியை முதல்முதலாக மீட்டியதும் அடுக்களையில் டபரா செட் நடுங்கியது. தங்கமணி உள்ளேயிருந்து, "கேக்குது, கேக்குது!" என்று கத்தினாள்.