பெஞ்ஞிஸ்கோலா பாறையில் ஒரு பிடிவாதக்காரர்

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்கு வரலாறு என்றால் பிரான்ஸின் வரலாறுதான். 1309 முதல் போப்பாண்டவர்கள் ரோமை விட்டு அவிஞ்ஞோன் நகரில் இருந்ததையும், 1377-ல் பதினோராம் கிரகோரியார் ரோமுக்குத் திரும்பியதையும் மனப்பாடம் செய்தோம். பாடம் அங்கே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை, அறுபது ஆண்டு கழித்து ஸ்பெயினில் ஒரு கடற்கரை ஊரில்தான் தெரிந்துகொண்டேன்.

பிரான்சில் இருக்கும் மகன் கோடை விடுமுறையில் எங்களைக் காரில் அழைத்துப் போனான். ஊரின் பெயர் பெஞ்ஞிஸ்கோலா. ஸ்பானிய எழுத்தில் 'ன்'னுக்கு மேல் ஒரு சுழி போடுவார்கள். அது நம்முடைய ஞகரம். வலென்சியாவுக்கும் பார்சலோனாவுக்கும் இடைப்பட்ட கடலோரத்தில் இருக்கிறது. நீண்ட மணற்கரை, அதை ஒட்டி வரிசையாக ஓட்டல்கள். பேரப்பிள்ளைகளுக்கு அது போதும். எனக்கோ கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பாறைமேல்தான் கண். ஒரு குறுகிய மணல்திட்டு மட்டும் அதைக் கரையோடு சேர்க்கிறது. முன்பெல்லாம் கடல் பொங்கினால் பாறை தீவாகிவிடுமாம். அந்தப் பாறைதான் பழைய ஊர்.

மதில் வாசலுக்குள் நுழைந்தால் கல் பாவிய தெருக்கள், சுண்ணாம்பு அடித்த வெள்ளை வீடுகள். எல்லாத் தெருவும் ஏற்றம்தான். முழங்கால் வலியோடு நின்று நின்று ஏறினேன். ஓரிடத்தில் பாறையில் பெரிய ஓட்டை. அலை உள்ளே புகுந்து அடிக்கும்போது 'புஸ்' என்று சீறுகிறது. ஒரு வீட்டின் சுவர் முழுக்கக் கிளிஞ்சல் பதித்திருக்கிறார்கள். 'எல் சிட்' படத்தைச் சார்ல்டன் ஹெஸ்டனை வைத்து இங்கேதான் எடுத்தார்களாம். என்னோடு ஏறியவர்களில் பாதிப் பேர் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

உச்சியில், கடல்மட்டத்திலிருந்து 64 மீட்டர் உயரத்தில் கோட்டை. தெம்ப்ளார் என்னும் துறவி வீரர்கள் பழைய அரபுக் கோட்டை இருந்த இடத்தில் 1294-ல் கட்டத் தொடங்கி 1307 வரை கட்டினார்கள். அதே 1307-ல் பிரான்ஸ் மன்னர் நாலாம் பிலிப் தெம்ப்ளார்களைக் கைது செய்ய ஆணையிட்டார். சில ஆண்டில் அந்தச் சபையே கலைக்கப்பட்டது. வீடு கட்டிக் குடி போகக் கொடுத்து வைக்கவில்லை. பின்னாளில் குடிவந்தவர்தான் நம் கதாநாயகர்.

பேத்ரோ தெ லூனா. அரகோன் நாட்டுப் பிரபு குடும்பம். மொம்பெல்லியே பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் போதித்தவர். 1375-ல் கர்தினால் ஆனார். 1378-ல் ரோமில் ஆறாம் உர்பானைப் போப்பாகத் தேர்ந்தெடுத்த கர்தினால்களே, சில மாதத்தில் அந்தத் தேர்தல் செல்லாது என்று சொல்லி வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ரோமில் ஒரு போப், அவிஞ்ஞோனில் ஒரு போப். அவிஞ்ஞோன் போப் இறந்ததும் 1394-ல் லூனா பதின்மூன்றாம் பெனடிக்ட் ஆனார். அப்போது அவருக்கு வயது 66 வாக்கில். நம்மையெல்லாம் 60-ல் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்!

பிளவு தீர அவர் விலக வேண்டும் என்று பிரான்ஸ் கேட்டது. மறுத்தார். 1398-ல் பிரான்ஸ் ஆதரவை விலக்கிக்கொண்டது, அரண்மனையை முற்றுகையிட்டார்கள். 1403-ல் தப்பினார். 1409-ல் பீசாவில் கூடிய சங்கம் இரு போப்புகளையும் நீக்கி மூன்றாமவரை நியமித்தது. நீக்கப்பட்ட இருவரும் நகரவில்லை. ஆக மூன்று போப்புகள்! 1411-ல் லூனா இந்தப் பாறைக்கு வந்து சேர்ந்தார், தம் பெரிய நூலகத்தோடு.

1415-ல் பேரரசர் சிகிஸ்முண்டே பெர்ப்பிஞ்ஞானுக்கு நேரில் வந்து கெஞ்சினார். லூனா வைத்த வாதம் என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு உடனே புரியும். அது சீனியாரிட்டி வாதம். "1378-க்குப் பின் வந்த போப்புகள் எல்லாரும் சந்தேகத்துக்கு உரியவர்கள் என்றால், அவர்கள் நியமித்த கர்தினால்களும் அப்படித்தான். அதற்கு முன் நியமனம் பெற்றவர்களில் உயிரோடு இருப்பவன் நான் ஒருவனே. ஆகவே போப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் எனக்கு மட்டுமே." பணிப்பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் மறுக்க முடியாது.

ஆனால் நெடுநாள் நண்பரான புனித வின்சென்ட் பெரரே 1416 ஜனவரியில், அரகோன் இனி அவரை ஏற்காது என்று அறிவித்தார். 1417-ல் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் அவரை நீக்கி, ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்தது. கிழவர் அசையவில்லை. உண்மைத் திருச்சபை இந்தப் பாறையில்தான் இருக்கிறது, இதுவே நோவாவின் பேழை என்றாராம். 1423-ல், தொண்ணூற்றைந்து வயது வாக்கில், போப்பாகவே இங்கு இறந்தார். அவருக்குப் பின் மூன்று கர்தினால்கள் கூடி இன்னொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் 1429-ல் ராஜினாமா செய்து, மயோர்க்கா ஆயர் பதவியைப் பெற்றுக்கொண்டு போய்விட்டார்.

திருச்சபைப் பதிவேட்டில் லூனாவின் பெயர் இல்லை. 1724-ல் வேறொருவர் 'பதின்மூன்றாம் பெனடிக்ட்' என்ற அதே பெயரையும் எண்ணையும் எடுத்துக்கொண்டார். ஆனால் ஒன்று. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்துக்கு 1413-ல் அனுமதி ஆணை வழங்கியவர் இவர்தான், இந்தப் பாறையிலிருந்து. அந்தப் பல்கலைக்கழகம் இன்றும் நடக்கிறது. லூனா என்றால் நிலா. அவருடைய கவிழ்ந்த பிறை அதன் சின்னத்தில் இன்றும் இருக்கிறது. அதிகாரியின் நியமனம் ரத்தானாலும் அவர் போட்ட கையெழுத்து நிற்கும். எங்கள் அலுவலகத்திலும் அதுதான் நடைமுறை.

வெறும் கல்லாய்க் கிடந்த கோட்டைக் கூடத்தில் உட்கார்ந்தபோது எனக்கு ஒரு பழைய ஃபைல் நினைவுக்கு வந்தது. ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியம். கணவர் பெயர் இரண்டு சான்றிதழில் இரண்டு விதமாக இருந்தது. மூன்று முறை திருப்பி அனுப்பினேன். விதி முழுக்க என் பக்கம். அந்த அம்மா பதினோரு மாதம் நடந்தார். இன்னொரு எழுத்தர் ஒரே ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, ஒரு வாரத்தில் முடித்துக் கொடுத்தார். நான் செய்தது தவறு என்று யாரும் சொல்லவில்லை. தவறும் இல்லைதான்.

லூனாவின் வாதத்திலும் தவறு இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவர் சரியாக இருந்த அத்தனை ஆண்டும், யார் கொடுக்கும் ஆசீர் செல்லும் என்று தெரியாமல் ஊர் ஊராக மக்கள் தவித்தார்கள். வாசல் கல்லில் செதுக்கிய அவருடைய சின்னத்தை இறங்கும்போது மறுபடி பார்த்தேன். பிறை கவிழ்ந்தேதான் இருந்தது.

கீழே பேரன் மணலில் கோட்டை கட்டிக்கொண்டிருந்தான். "தாத்தா, மேல என்ன இருந்துச்சு?" என்றான். "எழுந்திருக்க மனசு வராத ஒரு தாத்தாவோட நாற்காலி" என்றேன்.