அரிச்சுவடிக்கு அஞ்சிய பேரரசு

1863-இல் ரஷ்யப் பேரரசின் உள்துறை அமைச்சர் வலூயெவ் தணிக்கை அதிகாரிகளுக்கு அனுப்பிய ரகசியச் சுற்றறிக்கை எதை விட்டுவைத்தது என்று முதலில் பார்க்க வேண்டும். உக்ரைனிய மொழியில் கதையும் கவிதையும் அச்சிடலாம். சமய நூலும் பாடநூலும் எளிய மக்கள் படிக்கும் நூலும் கூடாது. காரணம் விளங்காததல்ல. 1861-இல் பண்ணையடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற குடியானவன் எந்த மொழியில் எழுத்துக் கற்பான் என்ற கேள்வி அன்றைக்கே எழுந்துவிட்டது. அடிமையாய்ப் பிறந்து கவிஞரான தராஸ் ஷெவ்சென்கோ, இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு வெளியிட்ட கடைசி நூல் கவிதைத் தொகுப்பு அல்ல. ஞாயிறு பள்ளிகளுக்கான அரிச்சுவடி, பத்தாயிரம் படிகள். அதன் பொருளை அரசும் அறிந்திருந்தது. உக்ரைனிய அடையாளம் கவிஞர்களின் ஏட்டிலிருந்து குடியானவனின் வீட்டுக்குள் நுழையும் வாசலில்தான் பூட்டு விழுந்தது என்பது என் வாதம். அதே 1863-இல் ரஷ்ய ஆட்சிக்கு எதிராக வெடித்த போலந்துக் கிளர்ச்சி கிளப்பிய பீதியே தடைக்குக் காரணம் என்பாருண்டு. பீதி உண்மைதான். ஆனால் கிளர்ச்சி அடங்கிப் பல ஆண்டு கழித்து, 1876-இல், இரண்டாம் அலெக்சாந்தர் எம்ஸ் நகரில் கையெழுத்திட்ட ஆணை தடையை நாடக மேடைக்கும் வெளிநாட்டிலிருந்து வரும் நூல்களுக்கும் நீட்டியது.

இந்த அடையாளமே ஆஸ்திரியா தன் ஆளுகையிலிருந்த லிவிவ் நகரில் வார்த்தெடுத்த சரக்கு என்ற குற்றச்சாட்டும் பழையது. கால வரிசை அதற்கு இடம் தரவில்லை. ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த பொல்தாவாவைச் சேர்ந்த கொத்லியாரெவ்ஸ்கியின் உக்ரைனியக் காவியம் ‘எனெயிதா’ 1798-இலும் ஷெவ்சென்கோவின் கவிதைத் தொகுப்பு ‘கொப்சார்’ 1840-இலும் ரஷ்யத் தலைநகரிலேயே அச்சேறின. 1873-இல் லிவிவில் ஷெவ்சென்கோ பெயரில் சங்கம் எழப் பணம் தந்தவர்களில் பொல்தாவாவின் யெலிசவேத்தா மிலோரதோவிச் முக்கியமானவர். ஆஸ்திரியா தந்தது அச்சகம் நடத்தும் உரிமை; எழுத்தும் பணமும் பெருமளவு எல்லைக்கு அப்பாலிருந்து வந்தன. தடையால் உக்ரைனிய எழுத்தாளர் பானாஸ் மிர்னியின் பெருநாவல் 1880-இல் ஜெனீவாவில் வெளிவர நேர்ந்தது. கீவில் படித்த வரலாற்றாசிரியர் ஹ்ருஷெவ்ஸ்கி 1894-இல் லிவிவ் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். இரு பேரரசுகளில் பிரிந்து கிடந்த மக்களின் வரலாற்றை ஒரே தொடராக எழுதத் தொடங்கி, 1898-இல் முதல் தொகுதியை வெளியிட்டார். பிரித்து வைக்க எழுப்பிய தடையே இரு கரை வாசகரையும் ஒரே நூலின் முன் அமர்த்தியது.

இவற்றைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: உக்ரைனில் பிறந்த எழுத்தாளர் கோகல் ரஷ்ய மொழியைத் தேர்ந்தார், கிராமத்தாரில் பலர் தம்மை ஊராலும் சமயத்தாலும்தான் அடையாளம் சொன்னார்கள். மறுக்க முடியாது. ஆனால் தாய்மொழியில் பள்ளியே இல்லாத மக்களின் மௌனத்தைச் சம்மதமாக எண்ணுவது நியாயமன்று. 1905 புரட்சி பூட்டைத் தளர்த்தியதும் நடந்ததைப் பாருங்கள். 1860-களில் முடக்கப்பட்ட மொராசெவ்ஸ்கியின் நற்செய்தி மொழிபெயர்ப்பு அச்சேறத் தொடங்கியது. லிவிவின் முதன்மை இலக்கிய இதழ் 1907-இல் கீவுக்குப் பெயர்ந்தது. 1917-இல் ஜார் ஆட்சி வீழ்ந்ததும் கீவில் அமைந்த மத்திய ராதா என்ற உக்ரைனியப் பேரவைக்குத் தலைவராக அந்த வரலாற்றாசிரியர் ஹ்ருஷெவ்ஸ்கியே தேர்ந்தெடுக்கப்பட்டார்.