மூன்றாம் அரங்கும் பார்வையாளரும்

பார்வையாளர் இன்றி நாடகம் இல்லை என்பது அனைவரும் ஒப்பும் உண்மை. ஆயினும், அப்பார்வையாளரை எங்கே அமர்த்துவது என்னும் வினா இந்திய நாடக வரலாற்றில் ஒரு பெருந்திருப்பத்தை உண்டாக்கிற்று. அவ்வினாவை விடாது எழுப்பியவர் வங்க நாடக ஆசிரியர் பாதல் சர்க்கார் (1925–2011).

நகரத் திட்ட வல்லுநராகப் பணிபுரிந்த அவர் 1963இல் எழுதிய 'ஏவம் இந்திரஜித்' பார்வையாளரிடமிருந்தே தொடங்குகிறது. அரங்கில் இருக்கை தேடும் நால்வரை, எழுத்தாளன் என்னும் பாத்திரம் மேடைக்கு அழைத்துப் பெயர் கேட்கிறான். ஆனால், அந்நால்வரும் நடிகரே. உண்மைப் பார்வையாளர் இருளில், சீட்டு வாங்கிய இருக்கையில் அசையாது அமர்ந்திருந்தனர். அவர்களை எழுப்ப அவருக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

ஊர்ப்புறத்து மரபுக் கலைகளை முதல் அரங்கு எனவும், மேனாட்டு வழிவந்த நகரத்துப் படச்சட்ட மேடையை இரண்டாம் அரங்கு எனவும் அவர் பகுத்தார். முன்னதற்கு மக்கள் உண்டு. இன்றைய வாழ்வின் சிக்கல்களுக்கு அதில் போதிய இடம் இல்லை. பின்னதற்குப் புதிய சிந்தனை உண்டு. பெருந்திரளான மக்கள் இல்லை. இவ்விரு குறைகளையும் நீக்க முயன்றதே மூன்றாம் அரங்கு. 1967இல் தாம் நிறுவிய 'சதாப்தி' குழுவினருடன், எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் மேடையை விட்டு இறங்கினார். ஒளியமைப்பும் காட்சித் திரைகளும் கட்டணச் சீட்டும் விலகின. நடிகரின் உடலும் குரலும் எஞ்சின. செலவு குறைந்தமையால் புரவலர் தயவும் வேண்டாதாயிற்று. கல்கத்தாவின் கர்சன் பூங்காவில் திறந்த வெளியிலேயே நாடகங்கள் நிகழ்ந்தன. 'மிச்சில்' (ஊர்வலம், 1974) பார்வையாளரின் இருக்கைகளுக்கு ஊடே நடந்தது. முடிவில் அவர்களும் அவ்வூர்வலத்தில் இணைய அழைக்கப்பட்டனர்.

1980இல் சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவர் ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தினார். அதற்கு முன்பே ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையும் (1977), ஞாநியின் பரீக்ஷாவும் (1978), மதுரையில் மு. இராமசுவாமியின் நிஜ நாடக இயக்கமும் (1978) தோன்றியிருந்தன. நடிகரின் உடலையே மொழியாகக் கொள்ளும் முறைக்கு அப்பட்டறை இங்கே உரமூட்டிற்று.

ஆயினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. சீட்டை நீக்கியதால் மட்டும் மக்கள் வந்துவிடுவதில்லை. தமிழகத்து நவீன நாடகத்தின் பார்வையாளர் பெரும்பாலும் சிறுபத்திரிகை வாசகராகவும் சக கலைஞராகவுமே இருந்தனர். திரௌபதியம்மன் விழாவின் படுகளத்தை எண்ணிப் பார்ப்போம். மண்ணால் சமைத்த துரியோதனனைத் துடைப்பத்தால் அடிக்கும் ஊர்ப்பெண்கள் பார்வையாளரா, பாத்திரங்களா? எந்தக் கோட்பாடும் கற்பிக்காமலே அவ்வெல்லை அங்கு அழிந்துவிடுகிறது; கதை அவர்களுடையது என்பதே காரணம்.

சர்க்காரும் இதனை உணர்ந்திருந்தார் எனலாம். சுந்தரவனத்து எளிய மக்களின் வாழ்வைக் கேட்டறிந்தே 'போமா' உருவாயிற்று. மக்களை நாடகத்துக்கு அழைப்பதற்கு முன், நாடகம் அவர்களிடம் சென்று செவி கொடுத்தது. பரிசோதனை என்பது வடிவத்தோடு முடிவதன்று என்பதற்கு இதுவே சான்று.

நம் வட்டம் பத்தாண்டு கண்டுள்ள இவ்வேளையில் இவ்வரலாறு நமக்கும் உரியது. நம் கவியரங்குகளின் முன்வரிசையில் அமர்ந்திருப்போர், பெரும்பாலும் அடுத்துக் கவிதை படிக்க இருப்போரே. ஒருவருக்கொருவர் கைதட்டி மகிழ்தல் பிழையன்று. அது போதும் என்று இருந்துவிடுதலே பிழை. பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தையேனும் நாம் மண்டபத்துக்கு வெளியே நடத்துவோமா? படிப்பதற்கு முன் சிறிது நேரம், அங்கிருப்போர் சொல்வதைக் கேட்போமா?