பர்கிட் நிணநீர்ப் புற்றுநோயும் ஆப்பிரிக்க நிலப்பரப்பும்

நிணநீர்ப் புற்றுநோய்கள் உலகெங்கும் ஒரே அளவில் காணப்படுவதில்லை. சில வகைகள் குறிப்பிட்ட நிலப்பகுதிகளிலேயே மிகுந்துள்ளன. ஆப்பிரிக்கக் குழந்தைகளைத் தாக்கும் பர்கிட் நிணநீர்ப் புற்றுநோய் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

1957-இல் உகாண்டாவின் கம்பாலாவிலுள்ள முலாகோ மருத்துவமனையில், தாடையின் இருபுறமும் மேலும் கீழும் வீங்கிய ஒரு சிறுவனை அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட் பார்த்தார். சில வாரங்களில் ஜிஞ்சா நகரில் அதே வீக்கத்துடன் இன்னொரு குழந்தை. பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது, தாடைக் கட்டி கொண்ட குழந்தைகள் பலருக்கு வயிற்றிலும் கட்டிகள் இருந்தது தெரிந்தது. 1958-இல் இதுபற்றி எழுதிய கட்டுரையில் அவர் இதைச் சதைப்புற்று என்றே குறிப்பிட்டார். நிணநீர்ப் புற்று என்பதைப் பின்னர் நோயியலாளர்கள் உறுதிசெய்தனர்.

இந்நோய் எங்கெங்கு உண்டு என்பதே பர்கிட்டின் அடுத்த கேள்வி. ஆப்பிரிக்க மருத்துவமனைகளுக்குப் படங்களுடன் வினாத்தாள்கள் அனுப்பினார். 1961 அக்டோபரில் இரு மருத்துவ நண்பர்களுடன் பழைய கார் ஒன்றில் தெற்கு நோக்கிப் புறப்பட்டு, பத்து வாரங்களில் ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர் சுற்றினார். ஆய்வகம் எதுவுமின்றி, ஊர் ஊராகக் கேட்டுக் குறித்த இவ்வரைபடமே பின்வந்த கண்டுபிடிப்புகளுக்கு வழிகாட்டியது. நிலநடுக்கோட்டை அண்டிய பகுதியில் சுமார் 5,000 அடிக்கு மேல் நோய் அரிது. தெற்கே செல்லச் செல்ல இந்த உயர எல்லை தாழ்ந்தது. ஆகவே தடுத்தது உயரமன்று, குளிர். மழை குறைந்த இடங்களிலும் நோய் இல்லை. வெப்பமும் மழையும் கேட்பது கொசு அல்லவா? கொசு பரப்பும் வைரசே காரணம் என்ற ஐயம் எழுந்தது.

இலண்டனில் பர்கிட்டின் உரையைக் கேட்டிருந்த ஆண்டனி எப்ஸ்டீன், பெர்ட் அச்சோங், இவோன் பார் ஆகியோருடன் 1964-இல் கட்டி உயிரணுக்களில் ஒரு வைரசைக் கண்டறிந்தார். எப்ஸ்டீன்-பார் வைரஸ் எனப்படும் இது கொசுவால் பரவுவதில்லை. எச்சில் வழியே பரவுகிறது. உலகின் பெரும்பாலான வயதுவந்தோர் உடலிலும் உள்ளது. அப்படியாயின் நோய் ஏன் ஆப்பிரிக்காவில் மட்டும் மிகுந்தது? விடை மலேரியாவில் இருந்தது. ஃபால்சிபாரம் மலேரியா மீண்டும் மீண்டும் தாக்கும்போது பி-உயிரணுக்கள் பெருகுகின்றன. வைரசை அடக்கும் எதிர்ப்பாற்றலும் தளர்கிறது. கொசுவின் மீது விழுந்த ஐயம் முற்றிலும் பிழையன்று; அது சுமந்தது வைரசையன்று, மலேரியா ஒட்டுண்ணியை. மலேரியா மிகுந்த பாப்புவா நியூ கினியின் தாழ்நிலங்களிலும் இந்நோய் மிகுந்திருப்பது இதற்கு வலுச்சேர்க்கிறது.

வேகமாக வளரும் இக்கட்டி மருந்துக்கும் வேகமாகக் கரைவது. 1960-களிலேயே சைக்ளோபாஸ்பமைடு கொடுத்துச் சில குழந்தைகள் குணமடைந்தனர். செல்வ நாடுகளில் இன்று பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கின்றனர். நோய் மிகுந்த ஆப்பிரிக்க நாடுகளிலோ, மருத்துவமனைக்குத் தாமதமாக வருவதாலும் சிகிச்சையை இடையில் கைவிட நேர்வதாலும் பிழைப்போர் விகிதம் அதைவிட வெகுவாகக் குறைவு.